கையிருப்பில் ஒரு சித்தப்பா

அக்காவோடு பேசுவதில்லை என்று காஜாக்காரி முடிவெடுத்தபோது, அந்தக் கோபத்துக்கு ஒரு வாரியத்தின் அனுமதி தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியாது.

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காஜா எடுக்கும் வேலை. பொத்தான் நுழைவதற்கான துளையைத் தைத்து வெட்டும் மெஷினில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். அதனால் அவள் காஜாக்காரி. அதே கூடத்தின் மறுகோடியில், துணியை அடுக்கடுக்காகப் பரப்பி வெட்டும் நீள மேசை. அங்கே நின்று வெட்டு மெஷினைத் தள்ளுபவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. காலையில் இருவரும் ஒரே வாசலில் நுழைவார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், மாலையில் ஒரே பேருந்தில் ஏறுவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. அக்கா பேச வந்தால் தங்கை குனிந்து ஊசியைப் பார்ப்பாள். அந்த ஊசியில் அப்படி என்னதான் தெரிகிறது என்று பக்கத்து மெஷினில் காலர் தைப்பவளே ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

விஷயம் இவ்வளவுதான். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் அக்கா வந்து, "நீ போய்ப் படு, நான் இருக்கேன்" என்றாள். தங்கை பக்கத்து அறையில் போய்ப் படுத்தாள். எழுந்து வந்தபோது அம்மா இல்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது அக்கா அவளை எழுப்பவில்லை. சொத்துத் தகராறு இல்லை, சூழ்ச்சி இல்லை. 'எழுப்பியிருக்கலாம்' என்ற ஒரே ஒரு சொல் தங்கையின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. கதையாக எழுதினாள். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. தொழிற்சாலையில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு கதை வாசிப்பார்கள். மற்ற மெஷின்கள் ஓய்ந்தாலும் வெட்டு மேசை மட்டும் அப்போதும் ஓடும், பிற்பகலுக்குத் துணி வேண்டுமே. ஒலிபெருக்கி அந்த மேசைக்கு நேர் மேலே தொங்கியது. அக்கா எங்கேயும் எழுந்து போக முடியாது. கேட்டே ஆக வேண்டும்.

கதை முழுக்கக் கேட்டு முடித்த காலர்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "நல்லாதான் இருக்கு. ஆனா முத்திரை வாங்கணுமே."

"எங்க?"

"சிக்கல் வாரியத்துல. அங்க போய் வந்தவங்க யாரும் மறுபடி கதை எழுதினதா நான் கேள்விப்படல. இருந்தாலும் போய்ட்டு வா."

கதைச் சிக்கல் மற்றும் தீர்வு வாரியம் உண்டானதற்கு ஒரு பின்னணி உண்டு. எப்போதோ ஒரு பெரிய மனிதர், சிக்கல் தீராத கதை ஒன்றைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறார். விடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பொதுஇடத்தில் வாசிக்கப்படும் எந்தக் கதையிலும் சிக்கல் முறைப்படி உண்டாக்கப்பட்டு முறைப்படி தீர்க்கப்பட வேண்டும். கீழ்த்தளத்தில் சிக்கல் பிரிவு. மாடியில் தீர்வுப் பிரிவு. நடுவில் படிக்கட்டு. படிக்கட்டில் எப்போதும் ஒரு பியூன். ஓய்வு பெறப்போகிற வயது, முழங்கால் வலி. அவரை எல்லோரும் 'தூதர்' என்று கூப்பிட்டார்கள். ஏன் என்பது போகப் போகத்தான் காஜாக்காரிக்குப் புரிந்தது.

சிக்கல் அதிகாரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வியர்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கி மட்டும் தொங்கியது. கதையைப் படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். உதறியும் பார்த்தார்.

"வில்லன் எங்கம்மா?"

"இதுல வில்லன் கிடையாது சார்."

"அப்ப சிக்கலை யாரு உண்டாக்கினா?"

"தானா வந்துது சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது.

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்றீங்க. சிக்கல்ங்கறது மேல இருந்து வரணும்மா. நாங்க குடுக்கறோம், நீங்க வாங்கிக்கறீங்க. கீழ இருக்கறவங்க தானா உண்டாக்கிக்கிட்டா அதுக்குப் பேரு சிக்கல் இல்ல, பிரச்சனை. பிரச்சனைக்குப் போலீஸ் இருக்கு."

சொல்லிவிட்டு இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வில்லனின் குணம், உயரம், சிரிக்கும் விதம்.

"முதலாளி வேணும்னா முன்னாடி இருந்தாரு. உங்க முதலாளி எங்களுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் குடுத்ததுல இருந்து அவரை நிறுத்திட்டோம். அதிகாரி வில்லன் வாங்கவே இல்ல, சந்தையில கிடைக்கலன்னு எழுதி வச்சிருக்கோம். பேராசைக்கார மாமாவை நேத்துதான் ஒருத்தர் எடுத்துட்டுப் போனார். இப்போதைக்குக் கையிருப்புல சித்தப்பா மட்டும்தான் இருக்கார்."

"எங்களுக்குச் சித்தப்பாவே கிடையாது சார்."

"அது உங்க வீட்டுல. கதையில இருக்கலாமில்ல? நல்ல சித்தப்பா. அதாவது, நல்லா கெட்டவர்." அட்டையை உருவி மேசையில் வைத்தார். "உனக்குத் தேத்தண்ணியில தூக்க மாத்திரை கலந்து குடுத்ததே அவர்தான். அதனாலதான் நீ எழுந்திருக்கல. பாரு, இப்ப எல்லாம் பொருந்திப் போச்சா?"

"நான் எழுந்திருக்காதது இல்ல சார் விஷயம். அவ எழுப்பாதது."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்று சொல்லிக் கதையின் தலையில் 'சிக்கல் வழங்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். பிறகு படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தூதரே, இதை மேல கொண்டு போங்க. அந்தம்மாகிட்ட, கீழ எங்க வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு, மேலதான் எப்பவும் தாமதம்னு சொல்லுங்க."

தூதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காஜாக்காரி பின்னால் ஏறினாள்.

"நீங்க ஏன் சொல்லணும்? அவரே சொல்லலாமே."

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கம்மா. ரொம்ப வருஷமாச்சு. கீழ இருந்த மின்விசிறியைக் கழட்டி மேல மாட்டிட்டாங்க. அதுல ஆரம்பிச்சுது."

"தீர்த்து வைக்க யாருமில்லையா?"

தூதர் நடுப்படியில் நின்று அவளை ஒரு பார்வை பார்த்தார். "இது கதை இல்லையேம்மா," என்றார்.

மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. இரண்டு மின்விசிறிகள். தீர்வு அதிகாரி மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மீதும் ஒரு முத்திரைக் கட்டையை வைத்திருந்தாள். தூதர் கீழிருந்து வந்த செய்தியை வரி மாறாமல் ஒப்பித்தார். அவள் காதில் விழாத மாதிரி கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள். தீர்வுப் பிரிவில் கடைசிப் பக்கம் மட்டும்தான் படிப்பார்கள். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கீழ்த்தளத்தின் பொறுப்பு.

"'தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.' இதுதான் முடிவா?"

"ஆமாங்க மேடம்."

"கடைசிப் பக்கத்துல யாரும் நின்னுகிட்டு இருக்கக் கூடாதும்மா. உக்காந்திருக்கணும், இல்லன்னா கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். கோபத்தோட யாரையும் வெளிய அனுப்ப முடியாது." அவள் எழுத ஆரம்பித்தாள். "சித்தப்பா கால்ல விழறார். அக்கா மன்னிக்கறா. தங்கை மன்னிக்கறா. லேசா மழை."

"யாரு மன்னிக்கறது? நான் மன்னிக்கலயே மேடம்."

தீர்வு அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். குரல் கொஞ்சம் இளகியது. அக்கறையாகத்தான் பேசினாள்.

"இங்க பாரும்மா. உலகத்துல எதுவும் தீரலன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் கதையில தீர்த்து வைக்கிறோம். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மணி அடிச்சா எல்லாரும் வேலைக்குத் திரும்பணும். தீராத கதையைக் கேட்டா மனசு அங்கயே நிக்கும். மனசு நின்னா கை நிக்கும். அப்புறம் வீட்டுச் சண்டையோட விடுவாங்களா? கூலி ஏன் இவ்வளவுதான், கழிப்பறைக் கதவுக்கு ஏன் தாழ்ப்பாள் இல்லன்னு ஒவ்வொண்ணா வெளிய தீர்க்கக் கிளம்பிடுவாங்க. கதையிலயே எல்லாம் தீர்ந்துட்டா, ஜனங்க நிம்மதியா இருப்பாங்க. நாங்களும் இருப்போம்."

இவ்வளவு தெளிவாக யாரும் தனக்கு எதையும் விளக்கியதில்லை என்று காஜாக்காரிக்குத் தோன்றியது. அவள் தலையாட்டிவிட்டுக் கதையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"மழையெல்லாம் போட்டா எங்கக்கா சிரிப்பா மேடம். வெட்டு மேசையில நின்னுகிட்டு, இவளுக்கு என்ன கேடுன்னு கேப்பா."

முத்திரைக் கட்டை பாதியில் நின்றது. "அக்கா நிஜமாவே இருக்காங்களா?"

"இருக்காளே."

"நிஜமாவே பேசறதில்லையா?"

அறையில் இருந்த எழுத்தர்கள் எல்லோரும் திரும்பினார்கள். விஷயம் என்னவென்றால், முன்பு ஒரு மாமியார் மருமகள் கதையில் இருவரும் கடைசிப் பக்கத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் அது வாசிக்கப்பட்ட அதே நேரத்தில் தெருவில் நிஜ மாமியாரும் மருமகளும் துடைப்பத்தோடு நின்றார்கள். வாரியத்தின் மானம் காற்றில் போனது. அதிலிருந்து ஒரு விதி வந்தது: கதையில் வருபவர்கள் உயிரோடு இருந்தால், கதையில் சேர்ந்தால் மட்டும் போதாது, நேரிலும் சேர வேண்டும். கதையைத் திருத்துவது கஷ்டமாக இருந்தால் ஆட்களைத் திருத்திவிடுவது.

அக்காவுக்கு ஆள் போனது.

இணக்கக் கூடம் என்று ஓர் அறை இருந்தது. பின்சுவரில் சூரியோதயம் வரைந்திருந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் எதிரெதிராக இரண்டு ஜோடிப் பாதங்கள். கட்டிப் பிடிப்பவர்கள் அதன்மேல் நிற்க வேண்டும், அப்போதுதான் படத்தில் சூரியன் நடுவில் விழும். மூலையில் பூவாளி ஒன்று. மழைக்கு.

அக்கா வேலை உடுப்போடு, இடுப்பில் துணி வெட்டும் பெரிய கத்தரி செருகியபடி வந்து நின்றாள். தங்கையைப் பார்த்தாள். தங்கை ஊசியைத் தேடினாள், அங்கே ஊசி இல்லை. தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

விதிப்படி இரண்டு அதிகாரிகளும் அந்த அறையில் இருந்தாக வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஆளுக்கொரு நாற்காலி. நடுவில் தூதர் நின்றார்.

"ஆரம்பிக்கலாமான்னு அந்தம்மாகிட்ட கேளுங்க," என்றார் சிக்கல் அதிகாரி.

"ஆரம்பிக்கலாமான்னு கேக்கறார்," என்றார் தூதர்.

"யாரு வேண்டாம்னா, அவருக்குப் படிக்கத் தெரியும்னா படிக்கச் சொல்லுங்க," என்றாள் தீர்வு அதிகாரி.

"உங்களைப் படிக்கச் சொல்றாங்க," என்றார் தூதர்.

சிக்கல் அதிகாரி திருத்திய கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். சித்தப்பா வந்தார். தேத்தண்ணி வந்தது. மாத்திரை கரைந்தது. சித்தப்பா கதவுக்குப் பின்னால் நின்று, அட்டையில் குறித்திருந்த விதத்தில் சிரித்தார்.

அக்கா கையைத் தூக்கினாள். "யாரு இந்தச் சித்தப்பா? எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது."

"அவர் வாரியத்துச் சித்தப்பாம்மா. கேளுங்க."

"ஏண்டி," என்று அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "நீயா எழுதின இந்தக் கருமத்தை?"

தங்கைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஒண்ணும் எழுதல."

அம்மா போன நாளிலிருந்து அவள் அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்கே உதடு கூசியது.

தீர்வு அதிகாரி துள்ளி எழுந்தாள். "பேசிட்டாங்க. தீர்ந்துடுச்சு. பாதத்து மேல நில்லுங்க ரெண்டு பேரும். தூதரே, மழை."

தூதர் பூவாளியைத் தூக்கினார்.

"தீரல," என்றாள் காஜாக்காரி.

"அதான் பேசிட்டியேம்மா."

"பேசினா தீர்ந்துடுமா? நான் எழுதினதை யாரும் படிக்கவே இல்லையே." தாள் அதிகாரியின் கையில் இருந்தது. அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. அக்காவைப் பார்த்து, மனதிலிருந்தே சொன்னாள். அம்மாவின் கால் எப்படிச் சில்லிட்டிருந்தது. போர்வையை இழுத்துவிட்டுவிட்டுத் தான் படுக்கப் போனது. கனவில் யாரோ கூப்பிட்டது, அக்காதான் கூப்பிடுகிறாள் என்று கனவிலேயே எழுந்தது. எழுந்து பார்த்தால் அக்கா கூப்பிட்டிருக்கவில்லை. "என்னை எழுப்பியிருக்கலாம்."

அக்கா கத்தரியின் பிடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பதான் வந்தேன்," என்றாள் பிறகு. "வாசல்படி வரைக்கும் வந்தேன். வாயைத் திறந்துகிட்டுத் தூங்கின. எத்தனை ராத்திரி கண்ணை மூடாம இருந்தவ. எழுப்பினா அம்மா போறதைப் பாப்ப. அதை நான் ஒருத்தி பாத்தா போதும்னு திரும்பிட்டேன். திரும்ப அந்த மத்தியானம் வந்தாலும் எழுப்ப மாட்டேன்."

"திரும்ப வந்தாலும் நான் பேச மாட்டேன்."

"பேசாத. யாரு கெஞ்சினா?"

சிக்கல் அதிகாரி குழம்பிப்போனார். "இதுல யாரு கெட்டவங்கன்னு கேளுங்க," என்று தூதரிடம் சொன்னார். பழக்கதோஷத்தில் அக்காவிடமும் தூது விட்டுவிட்டார்.

"யாரும் இல்லய்யா," என்றாள் அக்கா.

"யாராவது ஒருத்தர் இருந்தாகணும்மா, விதி இருக்கு."

"இவ கோபம் நியாயம். நான் செஞ்சதும் நியாயம். ரெண்டையும் நாங்க சுமந்துகிட்டுத்தானே வேலைக்கு வரோம்? உங்ககிட்ட இறக்கி வைக்கச் சொல்லி யாராவது கேட்டோமா?" அவள் சுண்ணாம்புப் பாதங்களைப் பார்த்தாள், பூவாளியைப் பார்த்தாள், கடைசியில் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். "அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க ரெண்டு பேரும் போய் அதுமேல நில்லுங்க. அந்த ஆளு முழங்காலாவது பொழைக்கும்."

தூதர் இருமினார். அது இருமல்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தீர்வு அதிகாரியின் முகம் சிவந்தது. "இணங்கலன்னா உன் கதை ஒலிபெருக்கி ஏறாதும்மா. கடைசியா கேக்கறேன்."

"ஏற வேண்டாம்," என்றாள் காஜாக்காரி. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கேட்டது அது ஒன்றுதான், அதையும் தன் வாயாலேயே வேண்டாம் என்றாகிவிட்டது.

ஆனால் வாரியத்தில் ஒரு கதைக்குச் சிக்கல் வழங்கிவிட்டால் அதை முடிக்காமல் விட வழியில்லை. கையிருப்பிலிருந்து வெளியே போன சித்தப்பா திரும்பி வர வேண்டுமானால் அவர் திருந்தியாக வேண்டும். எனவே மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வெட்டு மேசைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. இனிய குரலில் ஒருத்தி வாசித்தாள். எழுதியவர், இதே தொழிற்சாலையின் காஜா பிரிவு ஊழியர்.

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த காஜாக்காரியின் கை அப்படியே நின்றது. கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா தேத்தண்ணி கலந்தார். காலர்காரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னடி இது, யாரு வீட்டுக் கதை?"

"தெரியல," என்றாள் காஜாக்காரி. கண் நிரம்பிவிட்டது. அவள் அம்மா செத்த மத்தியானத்தை யாரோ கழுவித் தேய்த்து, மடித்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

சித்தப்பா காலில் விழுந்தார். மழை தூற ஆரம்பித்தது. "அக்காவும் தங்கையும் ஓடோடி வந்து ஒருவரையொருவர்..." என்றது ஒலிபெருக்கி.

அத்தோடு சரி.

அக்கா மேசைமேல் ஏறி நின்றிருந்தாள். துணி வெட்டும் கத்தரி அவள் கையில் இருந்தது. வெட்டுப்பட்ட ஒயரின் நுனி அவள் தோள் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்திலும் ஓயாத வெட்டு மெஷினையும் அவள் நிறுத்தியிருந்தாள். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை.

அவள் தங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகக் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "எழுதினவ வந்து சொல்லட்டும்."

காஜாக்காரி பத்துப் பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. காலர்காரி அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். காஜாக்காரி மேசையடியில் போய் நின்றாள். சொன்னாள். சில்லிட்ட கால், போர்வை, கனவு, எல்லாம். குரல் கடைசி வரிசைக்குப் போகவில்லை, அதனால் கடைசி வரிசை எழுந்து முன்னால் வந்தது. சித்தப்பா வரவில்லை, மழை வரவில்லை.

"என்னை எழுப்பியிருக்கலாம்," என்று முடித்தாள்.

"மாட்டேன்," என்றாள் அக்கா மேலிருந்து.

மணி அடித்தது. யாரும் மெஷினுக்குப் போகவில்லை. தீர்வு அதிகாரி பயந்தது வீண் போகவில்லை. பின்னாலிருந்து யாரோ, "அதெல்லாம் சரி, கழிப்பறைத் தாழ்ப்பாள் எப்ப போடுவாங்க?" என்று கேட்டார்கள். அதைக் கேட்க இத்தனை வருடம் ஆகியிருந்தது.

வாரியத்துச் சொத்தான ஒயரை வெட்டியதற்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கோப்பு திறக்கப்பட்டது. வெட்டியது சிக்கலா, தீர்வா, எந்தப் பிரிவின் பொறுப்பு என்று இரண்டு அதிகாரிகளும் பேசி முடிவெடுக்க வேண்டும். தூதர் ஓய்வு பெற்றுவிட்டார். கோப்பு இன்னும் நடுப்படியில்தான் இருக்கிறது என்று கேள்வி.

அன்று மாலை பேருந்தில் அக்கா முன்னால் உட்கார்ந்தாள், தங்கை வழக்கம் போலப் பின்னால். வெகுநாளாக இல்லாத தூக்கம் காஜாக்காரியை அமுக்கியது. ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

தோளில் ஓர் அடி விழுந்தது. வலிக்கிற அடி.

"எழுந்திரு. இறங்கற இடம் வந்துடுச்சு."

காஜாக்காரி கண்ணைத் திறந்தாள். யார் எழுப்பியது என்று புரிய ஒரு கணம் ஆனது.

"இதுக்கு மட்டும் எழுப்பு," என்றாள்.

"இறங்குடி, வண்டி கிளம்பப் போகுது."

"அன்னைக்கும் இப்படி ஓங்கி அடிச்சிருக்கலாமில்ல?"

"வாயை மூடிக்கிட்டு இறங்கு."

இருவரும் இறங்கினார்கள். தெருவோரமாக நடந்தார்கள். அக்கா ஒன்று சொன்னாள், அதற்குத் தங்கை இரண்டு சொன்னாள். வீடு வந்தும் முடியவில்லை. வாசலிலேயே நின்று, கோபம் தணியாமல், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்கள்.